ரேடியேட்டருக்குள் ஒரு சிட்டிகை மஞ்சள்

ஸ்பார்க் பிளக் வாங்கப் போன இடத்தில்தான் அன்பரசுவுக்குத் தான் செய்த காரியம் இன்னதென்று தெரிந்தது.

ஆரணி காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில் கோகுல்ராஜின் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை. சனிக்கிழமை காலை. அன்பரசுவின் பழைய மொபெட் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தது; பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று வந்திருந்தான். அவனுக்கு முன்னால் நின்ற வெள்ளைச்சட்டைக்காரர் தன் பைக்குக்குக் கூலண்ட் கேட்டுக்கொண்டிருந்தார். என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் ஆற்றிவிட்டு வருகிற திரவம் அது.

"பச்சைதான் இருந்துது. பச்சையே குடுப்பா," என்றார் அவர்.

கோகுல்ராஜ் சிரித்தான். "கலர பாத்து வாங்காதீங்க சார். கலரு கம்பெனிக்காரன் இஷ்டம். ஒழுகினா கண்ணுக்குத் தெரியணும்னு போடற சாயம், அவ்ளோதான். ஒரே பச்சைல ரெண்டு விதம் வருது. காருக்கு ஊத்தறது எல்லாம் பைக்குக்கு ஆவாது. வண்டியோட ஒரு புக்கு குடுத்தான் இல்ல, அதுல இன்னா போட்டுகீதோ அத்த பாத்துதான் வாங்கணும்."

"ரெண்டு விதத்தையும் கலந்து ஊத்தினா?"

கேட்டது வெள்ளைச்சட்டைக்காரர் அல்ல, பின்னால் நின்ற அன்பரசு.

"கூழாயிடும்ணா. ஒடனே ஒண்ணும் தெரியாது. ஓட ஓட உள்ள கொழகொழன்னு திரண்டுக்கும். ரேடியேட்டர்ல சின்னச் சின்ன கொழா, அது அடைச்சிக்கினா சூடு எங்க போவும்? என்ஜினு காலி."

"அதுல... வேற சாயம் கொஞ்சம் விழுந்திருந்தா?"

"எந்தப் பைத்தியக்காரன்ணா கூலண்ட்ல சாயத்தப் போடுவான்?"

அந்தப் பைத்தியக்காரன் கடைமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கொசப்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் அன்பரசுதான் கலர் மாஸ்டர். தறிக்காரர்கள் பழைய சேலையின் முந்தானைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டி, இதே கலரில் பட்டு நூல் வேண்டும் என்பார்கள். அன்பரசு துண்டை ஒருமுறை வெயிலில் பிடிப்பான், ஒருமுறை நிழலில் பிடிப்பான், அப்புறம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அது மனதில் ஏறிவிட்டது என்று அர்த்தம். கொதிக்கிற தொட்டியில் இந்தப் பொடியில் கொஞ்சம், அந்தப் பொடியில் கொஞ்சம் என்று தட்டித் தட்டி, கடைசியில் நூலைத் தூக்கினால் பழைய துண்டும் புது நூலும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். இதில் அவனுக்குக் கர்வம் உண்டு. கர்வம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கலரை வைத்தே எடைபோடலாம் என்று நினைத்துக்கொண்டான் பாருங்கள், அங்கேதான் சனியன் வந்து உட்கார்ந்தது.

அவனுக்கு ஒரு தங்கை, மதிவதனி. பெரணமல்லூர்ப் பக்கம் உதவி வேளாண்மை அலுவலர். வயல் வயலாகச் சுற்றுகிற வேலை. வேலைக்குச் சேர்ந்து சம்பளம் சேர்த்து, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பைக் வாங்கினாள். ஸ்கூட்டர் அல்ல, பைக். கருப்பு நிறம், முன்னால் ரேடியேட்டர் வைத்தது. வீட்டில் இருப்பது அம்மா ஆதிலட்சுமி, அண்ணன், தங்கை என்று மூன்றே பேர். அந்த மூன்று பேருக்குள் ஒரு வாரம் மகாபாரதம் நடந்தது.

"பொம்பளப் புள்ளைக்கு ஸ்கூட்டி போதாதா? எதுக்கு இந்த எருமைக்கடா?" என்று கேட்டது அன்பரசுதான். கேட்டதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவே கூடி நின்றபோது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்: "எழுதி வெச்சிக்கோ. ஒரு வருஷம் தாங்காது இது. நீயே கொண்டாந்து 'வித்துக் குடுண்ணா'ன்னு எங்கிட்ட நிப்ப. நான் செத்தாலும் இதுல ஏற மாட்டேன்."

மதிவதனி வண்டியைக் கிளப்பினாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அண்ணனிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதில்லை. சோறு போடுவாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். வண்டிப் பேச்சு மட்டும் கிடையாது. அந்த மௌனம் அன்பரசுவை அரித்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஏறமாட்டேன் என்று தெருவறியச் சொன்ன மீசைக்கு அது இறங்கிப்போகிற காரியம்.

அதனால் திருட்டுத்தனமாக ஒரு காரியம் செய்து வந்தான். தினமும் விடிகாலையில், யாரும் எழுந்திருக்கும் முன், ஒரு துணியை நனைத்து அந்த எருமைக்கடாவைத் துடைத்துவைப்பான். தூசி படிந்த கருப்பைப் பார்க்க அவன் கண்ணுக்குப் பொறுக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

அப்படித் துடைக்கும்போதுதான் பார்த்தான். என்ஜினுக்குப் பக்கத்தில் பால்புட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே கூலண்ட், கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. வண்டி குளிர்ந்திருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தான்; அங்கும் குறைந்திருந்தது. மதி அதைக் கவனிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தோழி கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகிறாள். நாள் பூராவும் வண்டி வீட்டில்.

நல்ல அண்ணன் என்ன செய்வான்? "மதி, கூலண்ட் குறைஞ்சிருக்கு," என்று சொல்வான். அன்பரசுவுக்கு அது முடியுமா? ஏறமாட்டேன் என்றவன் வண்டியைக் குனிந்து பார்த்தான் என்று ஆகிவிடுமே. ஆகவே தானே வாங்கி ஊற்றிவிடுவது, ஊற்றியது அவளுக்குத் தெரியாமல் இருப்பது என்று முடிவு செய்தான். தெரியாமல் இருக்க வேண்டுமானால் கலர் பிசகக் கூடாது. அவளும் சாயக்காரன் வீட்டில் பிறந்தவள்.

தொழிலில் செய்கிறபடியே செய்தான். சாயமேற்றாத வெள்ளைப் பட்டு நூலை அந்தப் பாட்டிலுக்குள் விட்டு நனைத்தான். நூலை எடுத்துக்கொண்டு கோகுல்ராஜ் கடைக்குப் போனான். "எந்த வண்டிக்குண்ணா?" என்று கோகுல்ராஜ் கேட்டதற்கு, "எதோ ஒரு வண்டிக்கு, நீ குடு," என்றான். அங்கேயே தப்பித்திருக்கலாம். பழைய கூலண்ட் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மயில் கழுத்தில் கொஞ்சம் சாம்பல் ஓடிய மாதிரி. ஒரு பச்சைக் கேன், ஒரு நீலக் கேன் என்று இரண்டு வாங்கினான். பட்டறைக்குப் போய்க் கண்ணாடி டம்ளரில் கலந்து, நூலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். கிட்டத்தட்ட வந்துவிட்டது. உள்ளே ஒரு பொட்டு மஞ்சள் குறைந்தது. கிட்டத்தட்ட என்பது அவன் அகராதியில் கிடையாது. மஞ்சள் சாயப்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்கினான்.

வந்தது பாருங்கள் கலர். தொடையில் தட்டிக்கொண்டான். அதை ரேடியேட்டரிலும் பாட்டிலிலும் மேல்கோடு வரை ஊற்றி மூடினான். அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கினான். அதற்கப்புறம் மதி இரண்டு வாரமாக அந்த வண்டியில்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

"ண்ணா, ஒனக்கு இன்னா வேணும்?" என்றான் கோகுல்ராஜ், வெள்ளைச்சட்டைக்காரரை அனுப்பிவிட்டு.

அன்பரசு காதில் விழவில்லை. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டான்.

"மதி எங்கம்மா?"

"அவ அப்பவே கெளம்பிட்டாளே. தேவிகாபுரத்துல விவசாயிங்க கூட்டமாம், இவதான் பேசறாளாம். பெரிய ஆபீசர் வராம இவளே நடத்தற மொதக் கூட்டம்னு நீ நெய்ய வெச்சிக் குடுத்த வெள்ளப் பட்டு துப்பட்டா போட்டுகினு போச்சு. இன்னாடா?"

"வண்டிலயா போனா?"

"பின்ன நடந்தா போவா? ஏண்டா வண்டி வண்டின்ற? எதுனா ஆயிப்போச்சா? ஏற்கெனவே தெருவுல ஒன் நாக்கு கரிநாக்குன்றாங்க. நீதான ஒரு வருஷம் தாங்காதுன்னு வாய வெச்ச?"

"ஒண்ணும் இல்ல, வைம்மா," என்று போனை வைத்தான். வைத்தவனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வண்டி நடுவழியில் நின்றால், பிரித்துப் பார்த்தால், உள்ளே அவன் ஊற்றிய கூழ் இருக்கும். யார் ஊற்றியது என்று கேள்வி வரும். 'ஒரு வருஷம் தாங்காது' என்று சபதம் போட்டவன் எட்டாவது மாதத்தில் ரேடியேட்டருக்குள் சாயப்பொடியைக் கொட்டியிருக்கிறான். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றால் பைத்தியம்கூட நம்பாது. வண்டி போனால் போகட்டும். தன் அண்ணனே வேண்டுமென்று கெடுத்தான் என்று மதி நினைத்துவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் கடைமேசையில் தட்டினான்.

"கோகுலு, ஜல்தியா ஒரு கூலண்ட் குடு. மதி வண்டிக்கு."

"மதி அக்கா வண்டியா?" கோகுல்ராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அன்றைக்குப் பச்சையும் நீலமும் வாங்கிப்போனது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். போனில் அந்த வண்டியின் புக்கைத் தேடிப் படித்தான். அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்து, அதன் முதுகில் எழுதியிருந்ததையும் படித்து ஒப்பிட்டான். "இதான். சிலிகேட் இல்லாதது, அலுமினியம் என்ஜினுக்கு. தண்ணி கலந்தே வருது, அப்படியே ஊத்தணும். அதுக்கு முன்னாடி உள்ள கீறத பூரா எறக்கிட்டு, டிஸ்டில்ட் வாட்டர்ல அலசணும். கொழாத் தண்ணி வேணாம், நம்ம ஊரு தண்ணி உப்பு."

கேனுக்குள் இருந்தது ரோஸ் கலர். பல் டாக்டர் வாய் கொப்பளிக்கக் கொடுப்பாரே, அந்த ரோஸ். "அதுல இருந்தது மயில் கழுத்தாச்சே," என்று அன்பரசு வாயெடுத்தான். கோகுல்ராஜ் முறைத்ததும் மூடிக்கொண்டான்.

டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்று, கூலண்ட் கேன் ஒன்று, இரண்டையும் மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். பிளக் வாங்க மறந்துபோனது ஊரைத் தாண்டி மொபெட் முதல் இருமல் இருமியபோதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக மனம் வரவில்லை.

பாதை நெடுக அவன் கண் ரோட்டோரமே மேய்ந்தது. கருப்பாக எது நின்றாலும் வேகத்தைக் குறைத்தான். கிட்டே போனால் எருமையாகவோ தார் டிரம்மாகவோ இருந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். அந்தப் பஸ்ஸில் ஏறி வந்திருக்கலாமோ என்று தோன்றியது. இல்லை, பஸ்ஸில் வந்தால் வழியில் வண்டியைப் பார்த்தால் எப்படி இறங்குவது? நிறுத்தி மறுபடி போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள், அது நல்ல பழக்கம்தான், ஆனால் இன்றைக்கு மட்டும் அந்த நல்ல பழக்கத்தை விட்டுத் தொலைக்கக் கூடாதா என்று அவள்மேல் எரிச்சல் வந்தது. பாவம் செய்தவனுக்கு எரிச்சல் சீக்கிரம் வரும்.

பாதை பிரிகிற ஒரு கூட்ரோட்டு டீக்கடையில் நிறுத்தி விசாரித்தான்.

"கருப்பு பைக்கா? பொண்ணு ஓட்டிகினு போனது? ஆமாம், போச்சு," என்றார் டீ ஆற்றியவர். "வெள்ளையா பொகை மாதிரி வந்துகினு இருந்துது. கத்தினேன், காதுல விழல. டீ சாப்புடுறீங்களா?"

டீயாவது ஒன்றாவது. மொபெட்டை முறுக்கினான். அது இருமியது, திணறியது, பிறகு மனசிரங்கி ஓடியது.

கொஞ்ச தூரத்தில், புளியமரத்து நிழலில், தார் ரோட்டில் ஈரம் திட்டாகக் கிடந்தது. யாராக இருந்தாலும் தண்ணீர் என்று தாண்டிப் போயிருப்பார்கள். அன்பரசு பிரேக் பிடித்தான். இறங்கிக் குனிந்து விரலால் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தான். அவன் கலர். விரல் நுனியில் பிசுபிசுத்தது, கஞ்சி ஆறினாற்போல. இதே கையால் இதே கலரைப் பிடித்துவிட்டோம் என்று அன்றைக்குத் தொடையில் தட்டிக்கொண்டானே, அந்த நினைப்பில் வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

மொபெட் அதற்கப்புறம் கிளம்பவில்லை. மிதித்தான், உதைத்தான், கெஞ்சினான். பிளக் செத்துவிட்டது. இரண்டு கேன்களோடு அதைத் தள்ளிக்கொண்டே நடந்தான். உச்சி வெயில். தேவிகாபுரத்து மலை தூரத்தில் தெரிந்தபோது சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

ஊருக்கு முன்னாலேயே ஒரு தகரக் கொட்டகை மெக்கானிக் கடை. வாசலில் மதியின் வண்டி நின்றது. மதி இல்லை. மெக்கானிக் முத்துவேல், ஐம்பதை நெருங்கிய ஆள், கையில் ஸ்பேனரோடு அதன் முன்னால் குந்தியிருந்தார்.

"இந்தப் பொண்ணு..." மூச்சு வாங்கியது அன்பரசுவுக்கு.

"உங்க தங்கச்சிங்களா? ஒண்ணும் ஆவல, பயப்படாதீங்க. மீட்டர்ல சூட்டு லைட்டு எரிஞ்ச ஒடனே என்ஜின அணைச்சிடுச்சு, அதான் நல்லதாப் போச்சு. தள்ளிகினே வந்து விட்டுட்டு, கூட்டம் கீதுன்னு பஸ் ஏறிப் போச்சு." முத்துவேல் வண்டியைத் தட்டினார். "பாட்டில்ல கூலண்டப் பாத்துட்டேங்க. கொதிச்சி ஊத்தினதுல அளவு கொறஞ்சிருக்கு, மத்தபடி கலரு நல்லாத்தான் கீது, கம்பெனி கலரு. அதுனால கோளாறு உள்ள. தண்ணி பம்பு, இல்லன்னா ஹெட்டு கேஸ்கட்டு. என்ஜின பிரிச்சாத்தான் தெரியும். தங்கச்சி பிரிக்கச் சொல்லிட்டுதான் போச்சு."

கலர் நல்லா இருக்கிறது என்று ஊரே சொல்லிக் கேட்டுப் பழகியவன் அன்பரசு. அதைக் கேட்டு அவன் பயந்தது இதுவே முதல்முறை.

"பிரிக்காதீங்க," என்றான். "கோளாறு கூலண்ட்லதான்." நடந்ததை எல்லாம் சொன்னான். நூல், இரண்டு கேன், ஒரு சிட்டிகை மஞ்சள்.

முத்துவேல் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆறியிருந்த ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தார். குச்சி நுனியில் கற்றாழைச் சோறு மாதிரி தொங்கியது. குச்சியையும் அன்பரசுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் தங்கச்சிக்கும் எதுனா சொத்துத் தகராறா?"

"ஐயோ, இல்லைங்க."

"பாக்கறவன் அப்படித்தான் நெனைப்பான். நானே அப்படித்தான் நெனைச்சேன்." குச்சியைத் துடைத்துப் போட்டுவிட்டு, ஒரு குழாயின் கழுத்தை விரலால் அசைத்துக் காட்டினார். "சரி வுடுங்க. இந்த கிளிப்பு லூசா கீது பாருங்க. மொதல்ல கூலண்ட் கொறஞ்சதே இதுல ஒழுகித்தான். தங்கச்சி வந்தா கிளிப்பு லூசுன்னு சொல்லிடறேன். அது பொய்யும் இல்ல. உள்ள எல்லாத்தையும் அலசிட்டு புதுசு ஊத்திடலாம். உங்க பேரு எதுக்கு?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றிருந்தவனுக்கு அது அமிர்தம் வார்த்த மாதிரி இருந்தது. கிளிப்பு லூசு. எவ்வளவு சின்ன, எவ்வளவு அழகான காரணம். தலையை ஆட்டிவிட்டான்.

கூலண்டை இறக்கினார்கள். தட்டில் கூழ்தான் விழுந்தது. டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி, என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு இறக்கினார்கள். அலசுவது அன்பரசுவின் தொழில். சாயமேற்றிய நூலைத் தண்ணீர் தெளிகிற வரை அலசாமல் விட்டால் சேலையில் இறங்கும். "போதுங்க," என்றார் முத்துவேல். "இன்னொரு தபா," என்றான் அன்பரசு. கை வேலையில் இருந்தாலும் காது ரோட்டில் இருந்தது. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் நிமிர்ந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், நிழலுக்குப் போனான், திரும்ப வந்தான். கிளிப்பு லூசு, கிளிப்பு லூசு என்று பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது ருசியற்றுப் போனது. வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பேசாத பேச்சு ஒன்று கிடக்கிறது. இதுவும் போய் அதன்மேல் உட்காரும். அவள் சோறு போடுவாள், சிரிப்பாள். அவன் மட்டும் சாகிற வரை கிளிப்பு லூசோடு இருக்க வேண்டும்.

மதிவதனி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. அதுவே அவனைக் கலக்கியது. துப்பட்டாவை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"வாம்மா," என்று எழுந்தார் முத்துவேல். "பெருசா ஒண்ணும் இல்ல. என்ஜின பிரிக்கவே தேவைப்படல. இந்த ஹோஸு கிளிப்பு..."

"கிளிப்பு இல்ல மதி," என்றான் அன்பரசு. "நான்தான்."

முத்துவேல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றாள் அவள்.

மடித்திருந்த துப்பட்டாவை உதறினாள். பால்வெள்ளைப் பட்டு. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை ஏறியிருந்தது.

"கொதிச்சி மேல ஊத்துச்சு. இதாலதான் தொடச்சேன். கூட்டம் நடந்த மண்டபத்துல கொழாயில புடிச்சி அலசினேன், போவல. சோப்பு போட்டேன், போவல. வெறும் கூலண்டுன்னா தண்ணில போயிடும்ணா. அத்தயும் சேத்து இழுத்துகினு சூட்டோட பட்டுல ஏறி நிக்கறது நம்ம பட்டறை சாயம் ஒண்ணுதான். அது எனக்குத் தெரியாதா?"

"மதி, சத்தியமா நான்..."

"இரு. எனக்கு வந்த கோவத்துக்கு நீ எதிர்ல இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஏற மாட்டேன்னு சொன்ன, வித்துடுவன்னு சொன்ன. வாயால சொன்னது பத்தாதுன்னு கையாலயும் பண்ணிட்டியான்னு இருந்துது. அழுகையா வந்துது. மொதக் கூட்டம், மைக்க கையில குடுத்துட்டாங்க, எனக்கு நெல்லுக்கு இன்னா ஒரம்னே மறந்துபோச்சு."

அவள் அந்தக் கறை மூலையை அவன் பக்கம் நீட்டினாள்.

"முன்னாடி ஒக்காந்துகினு இருந்த ஒரு அம்மா, இந்த மூலையப் பாத்துட்டு, 'இன்னா கலரும்மா இது, எங்க வாங்கன?'ன்னு கேட்டாங்க. அப்பதான் நானும் கறைன்னு பாக்காம கலருன்னு பாத்தேன். மயில் கழுத்து, கொஞ்சம் சாம்பல், உள்ள ஒரு பொட்டு மஞ்சள். என் வண்டி பாட்டில்ல இருந்த அதே கலரு. பட்டுல நிக்கற மாதிரி எந்தக் கம்பெனியும் இத்த செய்ய மாட்டான். இது நீ புடிச்ச கலரு." அவள் துப்பட்டாவை மறுபடி மடித்தாள். "கெடுக்கணும்னு நெனைக்கிறவன் கலரு பாத்துகினா இருப்பான்? சாக்கடைத் தண்ணிய ஊத்திட்டுப் போயிருப்பான்."

அன்பரசுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான கலரு சேத்த?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"அப்போ தெனம் காலைல வண்டிய தொடைச்சி வெக்கறதும் நீதான். நான் அம்மான்னு நெனைச்சிகினு கீறேன்."

"தூசா கெடந்துது," என்றான் அன்பரசு.

புதுக் கூலண்டை மதிதான் ஊற்றினாள். போனில் வண்டியின் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கேனின் முதுகில் உள்ளதை வரிவரியாகப் படித்தாள். பாட்டிலில் அந்த ரோஸ் ஏறியதைப் பார்க்க அன்பரசுவுக்குச் சகிக்கவில்லை. கருப்பு வண்டிக்கு இப்படி ஒரு கலரா? ஒரு சொட்டு நீலம் விட்டால் கத்திரிப்பூ ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நமைச்சல். அவன் கை துறுதுறுப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"கையக் கட்டிகினு நில்லு," என்றாள்.

முத்துவேல் கிளிப்பை இறுக்கினார். என்ஜின் ஓடியது, ஃபேன் சுற்றியது, லைட் எரியவில்லை. மொபெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, அந்தப் பழைய வண்டிக்குப் பிளக் ஆரணியில்தான் கிடைக்கும், இங்கேயே கிடக்கட்டும் என்றார். ஆக, வீட்டுக்குப் போக ஒரே வழிதான் இருந்தது.

மதி வண்டியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். "செத்தாலும் ஏற மாட்டேன்னு சொன்னவங்க பஸ்ல வரலாம்."

அன்பரசு மீசையைத் தடவிக்கொண்டான். முத்துவேல் வேறுபக்கம் பார்த்துச் சிரித்தார். ஏறி உட்கார்ந்தான்.

வழியெல்லாம் தங்கையின் தோளுக்கு மேலாக எட்டி எட்டி மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான். "லைட்டு எரிஞ்சா நானே சொல்றேன், நேரா ஒக்காரு," என்றாள் அவள். புளியமரத்தைத் தாண்டினார்கள். ரோட்டில் ஈரம் காய்ந்துபோயிருந்தது. டீக்கடைக்காரர் கை காட்டினார். ஆரணி நெருங்கியதும் அன்பரசு குனிந்து, "பின்சந்துல போயிடலாமா?" என்றான். அவள் கேட்காத மாதிரி வண்டியைக் கடைத்தெருவுக்கே திருப்பினாள், அதுவும் மெதுவாக. சந்து முனையில் நின்றிருந்த கோகுல்ராஜ் பார்த்தான். பூஜையன்று கூடி நின்ற தெரு முழுக்கவும் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது அன்பரசுவுக்கு.

வீட்டு வாசலில் இறங்கியதும் மதி துப்பட்டாவை அவன் தோளில் போட்டாள்.

"இத்த இன்னா பண்ணணும்? வெளுத்துக் குடுக்கவா?" என்றான் அன்பரசு.

"வெளுக்கறதுக்கா குடுக்கறேன்? முழுசையும் இந்தக் கலர்ல போட்டுக் குடு. அடுத்த கூட்டத்துக்குப் போட்டுகினு போவணும்."

அன்பரசு மூலையை விரித்து ஒருமுறை வெயிலில் பிடித்தான், ஒருமுறை நிழலில் பிடித்தான். "மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு மதி. அத்த மட்டும் கொறைச்சிடறேன்."

"கொறைக்காத," என்றாள் அவள். "அப்படியே இருக்கட்டும்."